ஆட்டுத்தோல் அடி முதல் கோழிமுட்டை சகுனம் வரை: குழந்தை வரத்துக்காகப் பண்டைய ரோமானியர்கள் என்னவெல்லாம் செய்தார்கள்?

கி.மு. 44, பிப்ரவரி 15. ரோம் நகரின் நடுவே கூட்டம் அலைமோதுகிறது. இடுப்பில் ஆட்டுத்தோலை மட்டும் சுற்றிக்கொண்டு, உடம்பில் எண்ணெய் மினுமினுக்க, ஆண்கள் சிலர் தெருவில் ஓடி வருகிறார்கள். கையில் ஆட்டுத்தோல் வார். எதிரே வருபவர்களை எல்லாம் அதனால் அடித்துக்கொண்டே ஓடுகிறார்கள். யாருக்கும் கோபம் வரவில்லை. சொல்லப்போனால், சில பெண்கள் தாங்களாகவே முன்னால் போய்க் கையை நீட்டி அந்த அடியை வாங்கிக்கொள்கிறார்கள்.

அன்று ஓடியவர்களில் ஒருவர் மார்க் ஆண்டனி. அந்த ஆண்டு ரோமின் உயர்ந்த பதவியான கான்சல் பதவியில் இருந்தவர். ஓட்டத்தின் நடுவே அவர் ஜூலியஸ் சீசரிடம் அரச முடியை நீட்டினார், சீசர் மறுத்தார், அடுத்த ஒரு மாதத்தில் சீசர் கொல்லப்பட்டார். அதனால்தான் வரலாற்றுப் புத்தகங்கள் இந்த நாளை நினைவில் வைத்திருக்கின்றன. ஆனால், கையை நீட்டி நின்ற பெண்களுக்கு அரசியலைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது: குழந்தை பிறக்குமா, பிறந்தால் பிழைக்குமா, பிரசவத்தில் தன் உயிர் தப்புமா?

இந்தக் கவலையைச் சுற்றி ரோமானியர்கள் கட்டியெழுப்பிய நம்பிக்கைகள் ஏராளம். அவை என்ன? ஏன் அவ்வளவு தேவைப்பட்டன?

அது என்ன 'லூபர்காலியா'?

பெண்கள் அடி வாங்கிய அந்தத் திருவிழாவின் பெயர் லூபர்காலியா. ஒவ்வொரு ஆண்டும் பிப்ரவரி 15-இல் நடந்தது. பாலட்டைன் குன்றின் அடிவாரத்தில் 'லூபர்கல்' என்ற குகை இருந்தது. ரோமை நிறுவியதாகச் சொல்லப்படும் இரட்டையர்களான ரோமுலஸுக்கும் ரீமஸுக்கும் ஓநாய் பால் கொடுத்த இடம் இதுதான் என்பது ரோமானியர்களின் நம்பிக்கை.

அந்தக் குகையில் வெள்ளாடுகளையும் ஒரு நாயையும் பலி கொடுப்பார்கள். ரத்தம் தோய்ந்த கத்தியால் இரண்டு இளைஞர்களின் நெற்றியில் தொடுவார்கள். உடனே பாலில் நனைத்த கம்பளியால் அந்த ரத்தத்தைத் துடைப்பார்கள். துடைத்ததும் இருவரும் சத்தமாகச் சிரிக்க வேண்டும். ஏன் சிரிக்க வேண்டும்? இதைப் பதிவு செய்த கிரேக்க எழுத்தாளர் ப்ளூடார்க்கே காரணம் சொல்லவில்லை.

பிறகு பலியிட்ட ஆட்டின் தோலை வார் வாராகக் கிழித்து எடுத்துக்கொண்டு ஓட்டம் தொடங்கும். அந்த அடி பட்டால் கர்ப்பிணிகளுக்குச் சுகப்பிரசவம் ஆகும், குழந்தை இல்லாதவர்கள் கருத்தரிப்பார்கள் என்று நம்பினார்கள்.

சரி, அடிக்கும் கர்ப்பத்துக்கும் என்ன சம்பந்தம்? கவிஞர் ஓவிட் இதற்கு ஒரு கதை சொல்கிறார். ரோமுலஸ் காலத்தில் ரோமானிய மனைவிகளுக்குக் குழந்தையே பிறக்கவில்லையாம். கணவனும் மனைவியுமாகப் போய் ஜூனோ தேவியின் தோப்பில் மண்டியிட்டு வேண்டினார்கள். மரங்கள் நடுங்கின, ஓர் அசரீரி கேட்டது. ஒரு கிடா இத்தாலியப் பெண்களுக்குள் புக வேண்டும் என்பது அதன் பொருள். எல்லோரும் திகைத்துப்போனார்கள். அங்கிருந்த எட்ரூரிய நாட்டுக் குறிசொல்லி ஒருவர் ஒரு கிடாவை வெட்டி, அதன் தோல் வாரால் பெண்களின் முதுகில் அடிக்கச் சொன்னார். பத்தாவது மாதத்தில் குழந்தைகள் பிறந்தன என்று கதை முடிகிறது.

இந்தத் தோல் வார்களுக்கு 'ஃபெப்ருவா' என்று பெயர். தூய்மைப்படுத்தும் பொருள் என்பது அதன் அர்த்தம். நாம் இன்றும் பயன்படுத்தும் 'பிப்ரவரி' என்ற மாதப் பெயர் அந்தச் சொல்லின் வழி வந்ததுதான்.

காதலர் தினம் இதிலிருந்துதான் வந்ததா?

ஒவ்வொரு பிப்ரவரியிலும் சமூக ஊடகங்களில் சுற்றும் கேள்வி இது. தேதிகள் அடுத்தடுத்து வருகின்றன என்பதைத் தவிர, இரண்டையும் இணைக்க உறுதியான ஆதாரம் கிடையாது. கி.பி. 492 முதல் 496 வரை போப்பாக இருந்த முதலாம் கெலேசியஸ், லூபர்காலியாவில் கிறிஸ்தவர்கள் பங்கேற்பதைக் கண்டித்துக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தில் காதலர் தினம் பற்றி எதுவும் இல்லை. வாலண்டைன் நாளைக் காதலோடு சேர்த்துப் பேசும் வழக்கம், சுமார் 900 ஆண்டுகள் கழித்து, 14-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசரின் காலத்தில்தான் தெளிவாகத் தெரிகிறது.

முடிச்சு இருந்தால் பிரசவம் சிக்கலாகுமா?

ரோமில் பிரசவத்துக்கு உரிய தெய்வம் ஜூனோ லூசினா. குழந்தையை வெளிச்சத்துக்குக் கொண்டு வருபவள் என்று இந்தப் பெயருக்கு விளக்கம் சொன்னார்கள். எஸ்குவிலைன் குன்றில் இவளுக்கு கி.மு. 375-இல் கோவில் எழுப்பப்பட்டது. மார்ச் 1-ஆம் தேதி திருமணமான பெண்கள் பூக்களோடு அங்கே போவார்கள். அன்று கணவர்கள் மனைவிக்குப் பரிசு கொடுப்பதும் வழக்கம்.

லூசினாவிடம் வேண்டப் போகும் கர்ப்பிணி முதலில் தலைமுடியை அவிழ்த்துவிட வேண்டும். உடையில் எங்கும் முடிச்சு இருக்கக் கூடாது. வெளியே எதுவும் கட்டுண்டு இருக்கக் கூடாது, அப்போதுதான் வயிற்றில் இருக்கும் குழந்தையும் தடையில்லாமல் வெளியே வரும் என்ற எண்ணம்தான் காரணம்.

இந்தப் பயம் கோவிலோடு நிற்கவில்லை. கர்ப்பிணியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கைவிரல்களைக் கோத்துக்கொண்டால் அதுவே சூனியம் என்று எழுதுகிறார் மூத்த ப்ளினி. கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்தவர் இவர். கால்மேல் கால் போட்டு, முழங்காலைக் கைவிரல்களால் கோத்துப் பிடித்து உட்கார்ந்தால் இன்னும் மோசமாம். ஹெர்குலிஸின் தாய் பிரசவ வலியில் துடித்தபோது இப்படித்தான் யாரோ தடுத்துவிட்டார்கள் என்பது கதை. ஆகவே தளபதிகளும் அதிகாரிகளும் கூடும் ஆலோசனைக் கூட்டங்களில்கூட அப்படி உட்காரக் கூடாது, எடுத்த காரியம் முடங்கிவிடும் என்று முன்னோர்கள் தடை போட்டார்களாம்!

கிலுகிலுக்கும் கல், அடைகாத்த மகாராணி

கருச்சிதைவு ஆகாமல் இருக்க ரோமானியர்கள் நாடிய பொருள்களில் ஒன்று 'கழுகுக்கல்'. உள்ளே இன்னொரு சிறு கல் இருக்கும். குலுக்கினால் சத்தம் வரும். கல்லுக்குள் கல், வயிற்றுக்குள் குழந்தை. இந்த ஒற்றுமைதான் நம்பிக்கையின் அடிப்படை. பலியிட்ட மிருகத்தின் தோலில் வைத்துக் கர்ப்பிணியின் உடம்பில் கட்டுவார்கள். பிரசவ நேரம் வந்ததும் மறக்காமல் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் குழந்தை வெளியே வராது என்று ப்ளினி எச்சரிக்கிறார்.

பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்று தெரிந்துகொள்ளும் ஆசையும் இருந்தது. பின்னாளில் பேரரசர் அகஸ்டஸின் மனைவியான லிவியா, முதல் கணவர் மூலம் கர்ப்பமாக இருந்தபோது ஒரு கோழிமுட்டையை எடுத்து வைத்துக்கொண்டார். அவரும் பணிப்பெண்களும் மாறி மாறிக் கைச்சூட்டிலேயே அதை அடைகாத்தார்கள். அழகான கொண்டையோடு சேவல் குஞ்சு வெளியே வந்தது என்கிறார் வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ். கி.மு. 42-இல் லிவியாவுக்குப் பிறந்த அந்த மகன்தான் பிறகு பேரரசர் ஆன டைபீரியஸ்.

அகஸ்டஸை மணந்த பிறகு லிவியாவுக்கு மீண்டும் கரு தரித்தது. ஆனால் அது குறைமாதத்திலேயே கலைந்துபோனது. ஐம்பது ஆண்டுக்கும் மேல் நீடித்த அந்த மணவாழ்க்கையில் அவர்களுக்கு வேறு குழந்தை இல்லை.

வாசலில் ஆண்குறிச் சின்னம் ஏன்?

இத்தாலியின் பாம்பெய் நகர இடிபாடுகளுக்குப் போகும் சுற்றுலாப் பயணிகள் முகம் சுளிக்கும், அல்லது சிரிக்கும், ஒரு விஷயம் இது. சுவர்களிலும் கடைகளிலும் ஆண்குறி உருவங்கள் செதுக்கப்பட்டிருக்கும். ஒரு ரொட்டிக்கடை அடுப்பின் மேலேயே அப்படி ஒரு சிற்பம் இருந்தது. 'மகிழ்ச்சி இங்கே குடியிருக்கிறது' என்ற பொருளில் வாசகமும் அதில் உண்டு.

ரோமானியர்களைப் பொறுத்தவரை இது ஆபாசம் இல்லை, பாதுகாப்பு. 'ஃபாஸ்கினம்' என்று அழைக்கப்பட்ட இந்தச் சின்னம் கண் திருஷ்டியை விரட்டும், வளத்தைக் கொண்டு வரும் என்று நம்பினார்கள். குழந்தைகளுக்குச் சின்னத் தாயத்தாகக் கட்டினார்கள். மணிகள் தொங்கவிட்டு வீட்டில் மாட்டினார்கள். போரில் வென்று திரும்பும் தளபதியின் தேருக்கு அடியிலும் இது தொங்கும். இதில் விசித்திரம் என்னவென்றால், ரோமின் இந்தப் புனிதச் சின்னத்தைப் பராமரித்தவர்கள் கன்னி விரதம் காத்த வெஸ்டா கோவில் பூசாரிப் பெண்கள்.

மண்ணுக்கும் கர்ப்பம் உண்டு

பெண்ணின் வயிறும் வயலும் ரோமானியர்களுக்கு ஒரே கணக்குதான். ஏப்ரல் 15-இல் 'ஃபோர்டிசிடியா' என்ற சடங்கு நடக்கும். விதை விழுந்து பயிர் வளர்ந்துகொண்டிருக்கும் காலம் அது. பூமித்தாயான டெல்லஸும் கர்ப்பமாக இருக்கிறாள் என்று சொல்லி, அவளுக்குச் சினைப்பசுக்களைப் பலி கொடுப்பார்கள். வயிற்றிலிருந்து எடுத்த கன்றுகளை வெஸ்டா கோவில் பூசாரிப் பெண்களில் மூத்தவர் எரித்துச் சாம்பலாக்குவார். ஆறு நாள் கழித்து, ஏப்ரல் 21-இல் வரும் மேய்ப்பர்களின் திருவிழாவில் அந்தச் சாம்பல் தூய்மைப்படுத்தும் பொருளாகப் பயன்படும்.

கல்யாணத்திலும் இதே எண்ணம்தான். மணமகளின் இடுப்புக்கச்சையில் 'ஹெர்குலிஸ் முடிச்சு' போடுவார்கள். அதை மணமகன் அவிழ்க்க வேண்டும். ஹெர்குலிஸுக்கு 70 பிள்ளைகளாம், அதே பாக்கியம் தம்பதிக்கும் கிடைக்கட்டும் என்ற ஆசை. புகுந்த வீட்டுக்கு வந்ததும் மணமகள் நிலைக்கதவுத் தூண்களில் கொழுப்புப் பூசுவாள். தீயது எதுவும் உள்ளே வராமல் இருக்க முற்காலத்தில் ஓநாய்க் கொழுப்பைத்தான் பூசினார்கள் என்கிறார் ப்ளினி. மே மாதத்தில் கல்யாணமே கூடாது. இறந்தவர்களின் ஆவிகளை விரட்டும் நாட்கள் அந்த மாதத்தில்தான் வந்தன.

குழந்தை பிறந்தாச்சு, அப்போ பயம் போச்சா? அதுவும் இல்லை. தாயையும் சேயையும் காட்டுத் தெய்வமான சில்வானஸ் இரவில் வந்து தொந்தரவு செய்வான் என்று பயந்தார்கள். அதனால் மூன்று ஆண்கள் வீட்டைச் சுற்றி வருவார்கள். ஒருவர் வாசற்படியைக் கோடரியால் வெட்டுவார், இன்னொருவர் உலக்கையால் இடிப்பார், மூன்றாமவர் துடைப்பத்தால் பெருக்குவார். மூன்றுமே மனிதன் காட்டைத் திருத்தி வாழத் தொடங்கியதன் அடையாளங்கள். காட்டுத் தெய்வம் அதைத் தாண்டி உள்ளே வராது என்பது கணக்கு.

இவ்வளவு பயம் ஏன்?

இதையெல்லாம் வெறும் மூடநம்பிக்கை என்று சிரித்துவிட்டுப் போவது எளிது. ஆனால் அன்றைய நிலவரத்தைப் பார்த்தால் சிரிப்பு வராது.

ரோமப் பேரரசில் பிறக்கும் குழந்தையின் சராசரி ஆயுட்காலம் 20 முதல் 30 ஆண்டுகள்தான் என்பது வரலாற்றாய்வாளர்களின் மதிப்பீடு. பிறந்த குழந்தைகளில் ஏறத்தாழ பாதி, பத்து வயதைத் தொடும் முன்பே இறந்துபோயின. மக்கள்தொகை குறையாமல் இருக்க வேண்டுமென்றால் ஒரு பெண் சராசரியாக ஐந்து, ஆறு பிள்ளைகள் பெற வேண்டும்.

பணமும் அதிகாரமும் காப்பாற்றவில்லை. புகழ்பெற்ற கிராக்கஸ் சகோதரர்களின் தாய் கொர்னேலியா 12 பிள்ளைகள் பெற்றார், வளர்ந்து ஆளானது மூன்றே பேர். சீசரின் ஒரே மகள் ஜூலியா கி.மு. 54-இல் பிரசவத்தில் இறந்தார். பேச்சாளர் சிசரோவின் மகள் டுல்லியா கி.மு. 45-இல் குழந்தை பெற்ற சில வாரங்களில் இறந்தார்.

பழி யார் மீது?

குழந்தை இல்லையென்றால் பழி பெரும்பாலும் மனைவி மீதுதான் விழுந்தது. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் ஸ்பூரியஸ் கார்விலியஸ் என்பவர், குழந்தை பிறக்கவில்லை என்று மனைவியை விவாகரத்து செய்தார். ரோமின் முதல் விவாகரத்து என்று பாரம்பரியமாகச் சொல்லப்படுவது இதுதான். அவருக்கு மனைவி மீது அன்பு இல்லாமல் இல்லை. ஆனால், 'பிள்ளை பெறுவதற்காகவே திருமணம்' என்று அதிகாரிகள் முன் செய்த சத்தியத்தை மீற முடியாது என்றார். அந்தக் காலத்திலேயே இதைப் பலர் ஏற்கவில்லை. பிள்ளை ஆசை பெரிதா, கட்டிய மனைவி பெரிதா என்று அவரைக் குறை சொன்னார்கள் எனப் பதிவு இருக்கிறது.

பிறகு சட்டமே உள்ளே வந்தது. கி.மு. 18-லும் கி.பி. 9-லும் அகஸ்டஸ் ஆட்சியில் வந்த சட்டங்களின்படி 25 முதல் 60 வயது வரையிலான ஆண்களும், 20 முதல் 50 வயது வரையிலான பெண்களும் திருமண பந்தத்தில் இருக்க வேண்டும். திருமணம் ஆகாதவருக்கு நெருங்கிய உறவல்லாதவர் எழுதி வைத்த சொத்து கிடைக்காது. திருமணமாகியும் பிள்ளை இல்லையென்றால் அதில் பாதிதான். மூன்று பிள்ளைகள் பெற்ற சுதந்திரக் குடிப்பெண்ணுக்கோ ஆண் பாதுகாவலரின் கட்டுப்பாட்டிலிருந்து விடுதலை. அடிமைத்தனத்திலிருந்து விடுவிக்கப்பட்ட பெண் என்றால் நான்கு பிள்ளைகள் பெற வேண்டும்.

இந்தச் சட்டங்களைக் கொண்டு வந்த அகஸ்டஸுக்கு இருந்தது ஒரே ஒரு மகள். கி.பி. 9-ஆம் ஆண்டு சட்டத்துக்குப் பெயர் கொடுத்த கான்சல்கள் இருவருக்குமே மனைவியும் இல்லை, பிள்ளையும் இல்லை!

மருத்துவர்கள் என்ன சொன்னார்கள்?

எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை. குழந்தை இல்லாததற்குத் தெய்வங்கள் காரணம் இல்லை, பலிபீடத்தை ரத்தத்தால் நனைத்துப் பயனும் இல்லை என்று கி.மு. முதல் நூற்றாண்டிலேயே கவிஞர் லுக்ரீஷியஸ் எழுதினார். ஆணின் விந்திலும் குறை இருக்கலாம் என்று வெளிப்படையாகச் சொன்னார்.

கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமில் பணியாற்றிய மருத்துவர் சொரானஸ், நல்ல மருத்துவச்சிக்கு மூடநம்பிக்கை இருக்கக் கூடாது என்றார். கனவு கண்டேன், சகுனம் சரியில்லை என்று சொல்லிச் செய்ய வேண்டிய சிகிச்சையை அவள் தள்ளிப்போடக் கூடாது என்பது அவர் வாதம். தாயத்தால் நேரடிப் பலன் இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். ஆனாலும், தாயத்தைக் கழற்று என்று நோயாளியை வற்புறுத்த வேண்டாம், அது தரும் நம்பிக்கையால் அவள் மனசு தெம்பாக இருக்கலாம் என்றார்.

அவருடைய மருத்துவமும் எல்லா இடத்திலும் சரியாக இல்லை. மாதவிடாய் முடியும் தறுவாய்தான் கருத்தரிக்க ஏற்ற காலம் என்று அவர் எழுதினார். உண்மையில் பெரும்பாலான பெண்களுக்குக் கருமுட்டை வெளியாவது சுழற்சியின் நடுப்பகுதியில். இதை ஜப்பானின் ஒகினோ, ஆஸ்திரியாவின் க்னாஸ் ஆகிய மருத்துவர்கள் 1920-களில்தான் தெளிவாக்கினார்கள். ஆக, அன்றைய சிறந்த மருத்துவரின் பேச்சைக் கேட்டு நடந்த தம்பதிகள்கூடச் சரியான நாட்களைத் தவறவிட்டிருப்பார்கள்.

அந்தப் பெண்களின் குரல் எங்கே?

மேலே சொன்ன எல்லாவற்றையும் எழுதி வைத்தவர்கள் ஆண்கள். வேண்டுதல் வைத்த பெண்களிடமிருந்து நமக்கு வந்து சேர்ந்தவை பெரும்பாலும் எழுத்துகள் இல்லை, பொருள்கள். மத்திய இத்தாலியின் பழைய கோவில் இடங்களைத் தோண்டியபோது சுடுமண்ணில் செய்த கருப்பை உருவங்களும், துணியில் இறுகச் சுற்றிய பச்சிளங்குழந்தை பொம்மைகளும் நிறையவே கிடைத்தன. கி.மு. 4-ஆம் நூற்றாண்டு தொடங்கி சில நூற்றாண்டுகள் வரை மக்கள் நேர்த்திக்கடனாக வைத்தவை அவை. பெரும்பாலானவற்றில் பெயர்கூட இல்லை.

ஒரு பெண்ணின் கதை மட்டும் கல்லில் தப்பியிருக்கிறது. கி.மு. முதல் நூற்றாண்டின் இறுதியில் ரோமில் ஒரு கணவர் இறந்துபோன மனைவிக்காகப் பொறித்து வைத்த நீண்ட இரங்கல் கல்வெட்டு அது. உடைந்த துண்டுகளாகத்தான் கிடைத்தது, அவர்களின் பெயர்கூட உறுதியாகத் தெரியவில்லை. குழந்தை இல்லாததால் அந்த மனைவியே விவாகரத்து கேட்டிருக்கிறார். உங்களுக்கேற்ற இன்னொரு பெண்ணை நானே பார்த்துத் தருகிறேன், பிறக்கும் பிள்ளைகளை என் பிள்ளைகளாகவே நினைப்பேன், சொத்தைப் பிரிக்க வேண்டாம் என்று சொன்னாராம்.

அதைக் கேட்டதும் தனக்குப் புத்தியே பேதலித்துவிடும் போல் கோபம் வந்தது என்று கணவர் பொறித்து வைத்திருக்கிறார். விவாகரத்துக்கு அவர் சம்மதிக்கவில்லை. பிள்ளை இல்லாமலே இருவரும் 41 ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தார்கள்.